கறுப்புக் கோட்டும் சங்கிலிக்கரைப் புடவையும்

என்னிடம் இரண்டு கறுப்புக் கோட்டுகள் இருக்கின்றன. ஒன்றைப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகிறேன். முழங்கை நைந்துபோன இன்னொன்று அலுவலகத்தில் ஆணியில் தொங்கும். அது என் சொந்தக் கட்சிக்காரர்களோடு சண்டை போடுவதற்கு.

சிரிக்காதீர்கள், நிஜம்தான். வக்கீலான முதல் பத்து வருடம் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாருமே எல்லாம் கெட்டுப்போன பிறகு வந்தவர்கள். "பார்ட்னர் கைவிட்டுட்டான் மேடம்." "எழுத்துல இருக்குதா?" "மச்சான்தானே மேடம், எழுத்து எதுக்கு?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மச்சானுக்கு எழுதிக் குடுத்தா கை தேஞ்சிடுமாப்பா?" என்று கத்துவேன். கத்தி என்ன பிரயோஜனம்? ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் ஒரு தாளில் முடிந்திருக்கும். இப்போது நான்கு வருடம் வாய்தா வாங்க வேண்டும்.

ஒரு நாள் கோபத்தில் வாசலில் புதுப் பலகை மாட்டினேன்: தொழில் தொடங்கும் முன் சட்ட ஆலோசனை. ஆறு மாதம் வரை அந்தப் பலகையைப் பார்த்து மாடியேறி வந்தவர்கள், ஜெராக்ஸ் கடை எங்கே என்று கேட்டார்கள். கடை என் மாடிக்கு நேர் கீழே இருக்கிறது.

பிறகு மெல்ல மெல்ல வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்காகத்தான் அந்தப் பழைய கோட்டு. பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு நாளைச் சண்டை நாள் என்று குறித்துக் கொடுப்பேன். அன்று கோட்டை மாட்டிக்கொண்டால் நான் எதிரி. அவர்களுடைய பார்ட்னர் நான்தான், கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லும் ஓனர் நான்தான், சரக்கைத் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர் நான்தான், காப்பியடிக்கிற கடைக்காரரும் நான்தான். ஈவு இரக்கமே இருக்காது. எங்கே அவர்களுக்குப் பதில் வராமல் நாக்கு ஒட்டிக்கொள்கிறதோ அங்கே நிறுத்துவேன். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மறுபடியும் அவர்களுடைய வக்கீலாக உட்கார்ந்து, அந்த இடத்தை அடைக்க என்ன காகிதம் வேண்டும் என்று எழுதுவோம். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வேன் ஓட்ட நினைத்த ஒருவர் சண்டை நாளில் அழுதே விட்டார். இன்றைக்கு அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு ஓட்டை கிடையாது.

இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கள் ஊரைத்தான் சொல்ல வேண்டும். கூரம் பக்கம் நான். எங்கள் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு செப்பேடு. பல்லவ ராஜா தானம் கொடுத்ததை வாயால் சொன்னால் போதாது என்று செம்பில் வெட்டி வைத்திருக்கிறார். படை வைத்திருந்த ராஜாவுக்கே எழுத்து தேவைப்பட்டது! அந்தச் செம்பில் எங்கள் ஆட்களின் பேர் இருக்கப் போவதில்லை. அந்த நிலத்தில் கூலிக்கு இறங்கி நட்டவர்கள் நாங்கள், என் அம்மா வரைக்கும். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, யாருடைய பேர் எழுத்தில் இருக்கிறது, யாருடையது இல்லை என்பதில் எனக்கு இத்தனை வெறி.

அந்த இரண்டு பெண்களும் வந்தது ஒரு கோடையில். ஒருத்தி இருபத்தேழு வயதுப் பெண். சின்ன காஞ்சிபுரத்தில் வாத்தியார் குடும்பம், கம்ப்யூட்டரில் புடவை டிசைன் வரைகிறவள். படபடவென்று பேசுவாள். இன்னொருவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம், சொந்தத்தில் மூன்று தறி. அவரை அவள் அக்கா என்றாள், நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். இவள் வரைய, அவர் நெய்ய, இருவரும் சேர்ந்து தங்கள் சொந்தப் பேரில் விற்க வேண்டும். அதற்குக் கூட்டுப் பத்திரம் எழுத வந்திருந்தார்கள்.

பத்திரம் அக்காவுக்கு. பெண்ணுக்கு வேண்டியது வேறு.

"மேடம், எனக்கு டிசைனைக் காப்பாத்திக் குடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

அவளுக்கு ஏற்கெனவே அடிபட்டிருந்தது. ஒரு பட்டுக் கடையில் வேலை பார்த்த நாளில், தானாக வீட்டில் உட்கார்ந்து வரைந்த ஒரு கரையைச் சந்தோஷம் தாங்காமல் போன் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறாள். ஒரே மாதம். ஊர்க் கடையெல்லாம் அந்தக் கரை தொங்கியது. அடுத்த முகூர்த்தத்தில் அவளுடைய சித்தியே அதைக் கட்டிக்கொண்டு வந்து, "நீயும்தான் வரையறே, இந்த மாதிரி ஒண்ணு வரையக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறாள்.

"நான் என்ன சொல்ல முடியும் மேடம்? என்னோடதுன்னு சொன்னா சிரிப்பாங்க. பந்தியில அப்படியே எழுந்து போயிட்டேன்." சொல்லும்போதே கண் நிறைந்தது. எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

இப்போது அவள் வைத்திருந்தது அதைவிடப் பெரிய சரக்கு. வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்கும், பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனபோது நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அந்தச் சங்கிலியை ஜரிகையில் கரையாக்கியிருந்தாள். அது பெரிய விஷயமில்லை. புடவை நெடுக ஓடி வருகிற சங்கிலி முந்தானையில் வந்து மூலையில் திரும்ப வேண்டும், ஒரு கண்ணிகூட அறுபடாமல். மற்ற புடவைகளில் கரை அங்கே முடிந்துவிடும், முந்தானைக்கு வேறு வேலைப்பாடு தொடங்கும். இதில் சங்கிலி திரும்பிற்று. அதுதான் புதுசு.

"சரி, பதிவு பண்ணிடலாம்," என்றேன். "ஆனா ஒண்ணு. பதிவுக்கு மனு போடறதுக்கு முன்னாடி அது பொதுமக்கள் கண்ணுல பட்டுடக் கூடாது. பட்டுடுச்சுன்னா புதுசுங்கற தகுதி போயிடும். அப்புறம் யார் வேணும்னாலும் நெய்யலாம், நாம வாயைப் பொத்திக்கினு இருக்கணும்." ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்தேன். ஸ்டேட்டஸ் கூடாது. கடைக்காரர்கள் கூடாது. கண்காட்சி கூடாது. சொந்தக்காரர்கள் கூடாது. தறி வீட்டுக் கதவு சாத்தியே இருக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை.

சண்டை நாளை ஒரு வெள்ளிக்கிழமை வைத்தோம். அன்று முடித்துவிட்டுத் திங்கட்கிழமை மனு போடுவதாக ஏற்பாடு.

காலை பதினொரு மணிக்கு இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். முதல் புடவை தறியை விட்டு இறங்கிவிட்டது என்று அக்கா சொன்னார். முகம் பளபளவென்றிருந்தது. "பாத்துக்கினே இருக்கலாம் வக்கீலம்மா, அப்படி வந்துருக்குது!" நான் கோட்டை மாட்டினேன். பார்ட்னராக ஒரு மணி நேரம் படுத்தினேன். பிறகு காப்பியடித்த கடையின் வக்கீலாக மாறினேன். குரலைக்கூட மாற்றிக்கொள்வேன், மேசையைத் தட்டுவேன்.

"இந்த டிசைன் ஒண்ணும் புதுசில்லை. மனு போடறதுக்கு முன்னாடியே ஊர் பாத்தாச்சு. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்!"

"யாரும் பாக்கலை," என்றாள் பெண், நிமிர்ந்து உட்கார்ந்து. "தறி வீட்டுக் கதவைத் தொறக்கவே இல்லை. எங்க அம்மாகூடப் பாக்கலை."

"இப்ப புடவை எங்கே இருக்குது? வீட்டுல, பீரோவுலயா?"

"இல்லை, நேத்தே தாயாருக்குக் குடுத்தாச்சு," என்றார் அக்கா, அதே பளபளப்போடு.

"யாருக்கு?"

"வரதராஜர் கோயில் பெருந்தேவித் தாயாருக்கு. புது டிசைன்ல முதல் புடவை தாயாருக்குத்தானே வக்கீலம்மா. எங்க வூட்டு வழக்கம். நேத்து சாயங்காலம் பட்டர் சாமி கையில குடுத்துட்டு வந்தோம். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அதைத்தான் கட்டிக்கினு புறப்பாடு."

நான் கோட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தாயார் கோயிலைத் தாண்டி வெளியே வர மாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ளே புறப்பாடு என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஊர்க்காரர்கள், வெளியூர்க்காரர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள், எல்லார் கையிலும் போன்.

"ஏம்மா!" என்று கத்தினேன். "யாருக்கும் காட்டக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?"

"காட்டலையே மேடம்," என்றாள் பெண். "சமர்ப்பிச்சோம்." சொல்லி முடித்த அடுத்த நொடி அவளுக்கே உறைத்தது. கை தானாக வாய்க்குப் போயிற்று. "ஐயோ. மேடம். தாயார் கட்டிண்டா எல்லாரும் பாப்பாங்க இல்லை?"

அவர்களை என்ன திட்டுவது? சித்தி, மாமா, பக்கத்துத் தறி என்று எல்லாரிடமிருந்தும் ஒளித்தவர்களுக்குத் தாயாரை அந்தக் கணக்கில் சேர்க்கத் தோன்றவே இல்லை. தாயார் என்ன வெளி ஆளா? உண்மையைச் சொன்னால் தப்பு என்னுடையது. என் பிரமாதமான பட்டியலில் கோயில் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் நெய்ததில்லை, பட்டு வாங்கியதும் இல்லை. முதல் புடவை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? கேட்கவில்லை.

"போய் வாங்கிக்கினு வந்துடலாம்," என்றேன். "திங்கக்கிழமை மனு போட்டுட்டு அடுத்த வெள்ளிக்கிழமை குடுக்கலாம்."

"வொத்து, வொத்து! வேணாம்!" அக்கா தெலுங்கிலேயே பதறினார். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? டிசைன் போனாப் போவட்டும் வக்கீலம்மா. அதை மட்டும் நான் செய்ய மாட்டேன். லேட் பண்ணுங்கன்னும் கேக்க மாட்டேன்."

"உங்களுக்குப் போனாப் போகட்டும் அக்கா, எனக்கு?" பெண் வெடித்தாள். "மறுபடியும் எவளாவது கட்டிண்டு வந்து என்னைப் பாத்து நீ வரையக் கூடாதான்னு கேக்கணுமா?"

இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மணி பன்னிரண்டரை. எனக்கோ, என்ன சொல்ல, பயத்தோடு பயமாக உள்ளுக்குள் ஒரு குஷி கிளம்பிவிட்டது. இதற்குத்தானே அந்தப் பலகையை மாட்டினேன்! சண்டை இன்னும் வரவில்லை. வரும் வழி மட்டும் கண் முன்னால் தெரிகிறது. அடைக்க இன்னும் சில மணி நேரம் இருக்கிறது. கோட்டைக் கழற்றி எறிந்தேன்.

"பட்டருக்குப் போன் போடுங்க. லேட் பண்ணச் சொல்ல வேண்டாம். நேரம் மட்டும் கேக்கலாம்."

அக்கா போட்டார். ஸ்பீக்கரில் பின்னால் தண்ணீர்ச் சத்தமும் மந்திரமும் கேட்டன. "திருமஞ்சனம் ஆயிண்டிருக்கும்மா," என்றார் பட்டர். "அப்புறம் திரை போட்டுண்டு அலங்காரம். நாலரை, அஞ்சு ஆயிடும் திரை திறக்க."

நான் குறுக்கே புகுந்தேன். "சாமி, நான் வக்கீல் பேசறேன். திரை திறக்கற வரைக்கும் அந்தப் புடவையை வேற யாராவது பாப்பாங்களா?"

"திரைக்குள்ள யாரம்மா வருவா? நானும் தாயாரும்தான்."

அப்படியானால் நாலரை. சட்டப் புத்தகப்படி அதே தேதியில் மனு போட்டால் போதும் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் வாதாட வேண்டிய நிலைமையே வராமல் பார்ப்பதுதான் நான் செய்கிற தொழில். தவிர, பதிவு அலுவலகத்தின் இணையதளம் காலையிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஏறாவிட்டால் அப்புறம் எப்போது ஏறுமோ. அதற்குள் கரை ஊரெல்லாம் பரவியிருக்கும்.

"லேப்டாப்பைத் திற. படத்தைக் குடு."

திறந்தாள். கரை வந்தது, முந்தானை வந்தது. மூலையைப் பெரிதாக்கினேன். சங்கிலி அங்கே வந்து வெட்டிக்கொண்டு நின்றது.

"இது என்னம்மா? திரும்பலையே!"

பெண்ணுக்குக் குரல் இறங்கிற்று. "கம்ப்யூட்டர்ல எனக்குத் திரும்பலை மேடம். தறியில ஏத்தினப்போ ரெண்டு தடவை அறுந்துது. அப்புறம் அக்காதான் கட்டம் போட்ட தாள்ல பென்சிலால போட்டுக் குடுத்தாங்க. அதை வெச்சுத்தான் தறியில மாட்டற ஓட்டை அட்டையை அடிச்சோம். நான் கம்ப்யூட்டர்ல மாத்தவே இல்லை."

அக்கா பக்கம் திரும்பினேன். அவர் அதைப் பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை. "அது ஒண்ணுமில்ல வக்கீலம்மா. கண்ணியை ஒண்ணு விட்டு ஒண்ணு மடக்கிக்கினு வந்தா தானா திரும்பிடும்."

"அந்தத் தாள் எங்கே?"

"தறி வூட்டுல. அவரு இருக்காரு, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லட்டா?"

"உங்க வீட்டுக்காரர் போட்டோவை யாருக்கு அனுப்புவாரு?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "குடும்பக் குரூப்புலதான் போடுவாரு. அவருக்கு அது மட்டும்தான் தெரியும்."

"வேண்டவே வேண்டாம்! ரெண்டு பேரும் வண்டியை எடுத்துக்கினு ஓடுங்க!"

ஐந்து நிமிடம் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் ஒரே ஸ்கூட்டரில் பறந்தார்கள். கல்யாணப் பட்டு எடுக்க வருகிற வேன்கள் காந்தி ரோடை அடைத்துக்கொண்டு நிற்கும் நாள் அது. நான் இங்கே இணையதளத்தோடு மல்லுக்கு நின்றேன். பெயர், முகவரி, பொருளின் வகை, எது புதுமை என்ற விளக்கம். அதை எழுதும்போது கை பரபரத்தது. "கரையில் ஓடும் சங்கிலி முந்தானையின் மூலையில் அறுபடாமல் திரும்புவது" என்று அடித்தேன். அடித்ததும்தான் இன்னொன்று உறைத்தது. மனுவில் சொந்தக்காரர் பேர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே.

அவர்கள் திரும்பி வரும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அக்கா தாளை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார். நால்வருமாக, அதாவது நாங்கள் மூவரும் அந்தத் தாளும், கீழே ஜெராக்ஸ் கடைக்கு ஓடினோம். "அண்ணே, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க," என்று கடைக்காரரை அவர் கடையிலிருந்தே வெளியே அனுப்பிவிட்டு நானே ஸ்கேன் எடுத்தேன். அவர் தெருவில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

மேலே வந்து உட்கார்ந்ததும் சொன்னேன். "சொந்தக்காரர் பேர் போடணும். எதிரி வக்கீலா இருந்தா நான் முதல்ல இங்கேதான் அடிப்பேன். புதுசு எது? மூலை. மூலையைப் போட்டது யாரு?"

பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனசு எனக்குத் தெரிந்தது. ஒரு தடவை எல்லாம் பறிபோனவள். இந்தத் தடவை தன் பேர், தன் ஒருத்தியின் பேர் மட்டும், அரசாங்க முத்திரையோடு வர வேண்டும் என்று ராப்பகலாக நினைத்துக்கொண்டிருந்தவள்.

"பாப்பா பேரைப் போடுங்க வக்கீலம்மா," என்றார் அக்கா. "வரைஞ்சது அதுதானே. நாங்க நெய்யறவங்க. எங்க பேரை யாரு கேக்கறா?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் பெண் திரும்பிவிட்டாள்.

"ரெண்டு பேர் பேரையும் போடுங்க மேடம். அக்கா பேரு முதல்ல."

"ஏம்மா, நிச்சயமா?"

"நான் வரைஞ்சது அங்கே வந்து நின்னு போச்சு மேடம். அவங்கதான் திருப்பினாங்க. என் பேரை மட்டும் போட்டா, நானும் அந்தக் கடைக்காரங்களும் ஒண்ணுதான்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் அழுவதற்கு நேரமில்லை, மணி மூன்று நாற்பது. இரண்டு பேரையும் அடித்தேன், படங்களை ஏற்றினேன், என் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டேன், அனுப்பினேன். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நேரம் கடந்துவிட்டது, மறுபடி உள்ளே வரவும் என்றது. பாவி! எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பெண் என் நாற்காலி முதுகைப் பிடித்து ஆட்டிய ஆட்டில் எனக்கு எழுத்தே நிலைகொள்ளவில்லை. மறுபடியும் சக்கரம்.

நான்கு இருபத்திரண்டுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது. தேதி, நேரம், மனு எண், இரண்டு பேர்கள்.

நாங்கள் மூவரும் போட்ட கூச்சலில் ஜெராக்ஸ் கடைக்காரர் மாடியேறி வந்துவிட்டார். வழக்கு ஜெயித்த நாளில்கூட நான் அப்படிக் குதித்ததில்லை. பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு மூன்று பேரும் ஒரு ஆட்டோவைப் பிடித்துக் கோயிலுக்கு ஓடினோம்.

அந்தக் கோபுரத்தை நான் பஸ்ஸில் ஆயிரம் தடவை தாண்டிப் போயிருக்கிறேன். பள்ளிக்கூடத்தோடு போனதற்குப் பிறகு உள்ளே போனதில்லை. பழக்கமில்லை, அவ்வளவுதான். தாயார் சந்நிதியில் கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. திரை இன்னும் மூடித்தான் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஐந்தாக ஏழு நிமிடம். உள்ளே மணி அடித்தது, திரை விலகியது.

அடேயப்பா! தீபத்தின் வெளிச்சத்தில் அந்தச் சங்கிலி தாயாரின் தோளிலிருந்து இறங்கி, மடிப்பில் வந்து மூலையில் திரும்பி, மறுபடி மேலே ஏறியது. ஒரு கண்ணி அறுபடவில்லை. காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு பொதுமக்கள், பொதுமக்கள் என்று மேசையைத் தட்டினேனே, அந்தப் பொதுமக்களில் முதல் ஆளாக நானே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. எடுத்துக்கொள்ளுங்கள், நன்றாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு அம்மா, "எந்தக் கடைப் புடவை தெரியலையே," என்றார். "எங்களோடது மாமி," என்றாள் பெண். அவள் சொல்லி யாரும் சிரிக்கவில்லை.

புறப்பாடு முடிந்ததும் பட்டரிடம் போய் நின்றேன். "சாமி, திரை எத்தனை மணிக்குத் திறந்தீங்க, அதுக்கு முன்னாடி யாரும் பாக்கலைன்னு ரெண்டு வரி எழுதித் தருவீங்களா?"

"தாயாருக்குப் புடவை கட்டறவனைச் சாட்சிக்கு இழுக்கறேளே!" என்று சிரித்தார். என் டைரித் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாலரை என்றீர்களே, எங்களுக்காகத் தாமதித்தீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லை. அந்த மூலை முன்னாடி தெரியணுமோன்னோ? மடிப்பு மூணு தடவை பிரிச்சுப் பிரிச்சுக் கட்டினேன்."

பதிவுச் சான்றிதழ் வந்தது. புடவைகள் நன்றாகவே போயின. எட்டு மாதம் கழித்து ஒரு வெளியூர்க் கடையின் இணையப் பக்கத்தில் அதே சங்கிலி, அதே மூலை, விசைத்தறியில் நெய்தது. பெண் ஓடி வந்து போனை நீட்டினாள். நோட்டீஸ் அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அவர்கள் வக்கீலிடமிருந்து பதில் வந்தது.

படித்தேன். மறுபடியும் படித்தேன். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன்! "மேற்படி டிசைன் புதியதல்ல. மனு செய்வதற்கு முன்பே கோயிலில் தாயாருக்குச் சாத்தப்பட்டு நூற்றுக்கணக்கான பொதுமக்களால் பார்க்கப்பட்டுள்ளது." கூடவே அன்றைய புறப்பாட்டின் வீடியோ, மணியோடு: ஐந்து பதினெட்டு. நைந்த கோட்டைப் போட்டுக்கொண்டு அன்று நான் தட்டிய அதே தட்டு. பாவம், அவர்கள் அதைத் துருப்புச் சீட்டு என்று நினைத்திருக்கிறார்கள்.

நான் எழுதிய பதில் ஆறே வரிகள். நான்கு இருபத்திரண்டு காட்டும் ஒப்புகைச் சீட்டு ஒரு பக்கம், பட்டரின் டைரித் தாள் மறுபக்கம். பத்து நாளில் அந்த இணையப் பக்கத்திலிருந்து புடவை இறங்கிற்று. இனி நெய்ய மாட்டோம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். நீதிமன்றப் படியேறவே இல்லை. பெண் அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து முதலில் யாருக்கு அனுப்பினாள் தெரியுமா? சித்திக்கு.

போன மாதம் ஒரு நாள் காலையில் அக்கா மட்டும் தனியாக மாடியேறி வந்தார். மடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"அடுத்த டிசைன் வக்கீலம்மா. நேத்துதான் தறியை விட்டு இறங்கிச்சு. இன்னும் தாயாருக்குக் குடுக்கலை." துணியின் முடிச்சில் கை வைத்தார். "முதல்ல உங்களுக்குக் காட்டிட்டுத்தான்னு எடுத்துக்கினு வந்தேன்."

எங்கள் வீட்டில் யாரும் கட்டிப் பார்த்திராத பட்டு, தாயாருக்கு முன்னால் என் மேசைக்கு வந்திருக்கிறது. பார்க்க வேண்டும் என்று கை அரித்தது. ஆனாலும் சட்டென்று அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

"பிரிக்காதீங்க அக்கா," என்றேன், மனுப் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்து. "முதல்ல உங்க பேரை எழுதுங்க."